சக்கரம் உரசும் வரலாறு

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நம் தமக்கையின் மகன் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். முன்பே பார்த்துப் பழகிய கார்தான். ஆனால் அன்று அது, எலியைக் கண்ட பூனைபோலத் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. சக்கரத்தின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் போய் மறைந்திருந்தது. "லோயர் பண்ணிட்டேன் மாமா" என்றான். சுருள்வில்லில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, அதோடு அமையாமல் அகலமான டயர்களையும் மாட்டியிருந்தான். பார்வைக்கு அழகாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்தக் காரில் அவனோடு அவன் தாயாரும் நம் தாயாரும் நாமுமாக நால்வர் அழகர்கோயிலுக்குப் புறப்பட்டோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்புறத்தில் 'சர்ர்' என்று ஓர் ஒலி. அப்பன்திருப்பதியைத் தாண்டியதும் ரப்பர் கருகும் நாற்றம். "யாரோ டயரைக் கொளுத்துறாங்க போல" என்றார் அம்மா. கொளுத்திக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான் என்பது மறுநாள் பட்டறையில்தான் விளங்கிற்று. பட்டறைக்காரர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். மட்கார்டின் உள்மடிப்பு வெள்ளிக்கம்பிபோல் தேய்ந்து பளபளத்தது. டயரின் தோள்பட்டையைச் சுற்றிலும் கத்தியால் கீறினாற்போல ஒரு பள்ளம். ஓரிடத்தில் உள்ளிருக்கும் நூல் தெரிந்தது. "இன்னொரு வாட்டி இதே ஆளுகள ஏத்திக்கிட்டு நாலுவழிச் சாலையில போயிருந்தா என்னாகும்னு சொல்ல முடியாது சார்" என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. நமக்குத்தான் அம்மா பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த இடம் நினைவுக்கு வந்தது.

சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே எவ்வளவு இடம் விடவேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து நம்மை விடவில்லை. தமிழ் படித்தவனுக்கு இது வேண்டாத வேலை என்று நண்பர்கள் சொல்லக்கூடும். வண்டியைப் பற்றி நம் பழம்பாடல்கள் அறிந்து வைத்திருக்கும் அளவுக்கு அவற்றைப் படிப்பவர்கள் அறிந்துவைத்திருக்கவில்லை என்பதே நம் பதில்.

உப்பு வணிகரிலிருந்து தொடங்குவோம். கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. சக்கரத்தைச் சூழ்ந்திருக்கும் வட்டை, அதில் செருகிய ஆரக்கால்கள், முழவு போன்ற உருளை, மேலே கூரை, கோழிக்கூடு, ஊறுகாய்க் கலம், குழந்தையோடு மாட்டை ஓட்டும் பெண் என்று ஒரு குடும்பமே சக்கரத்தின்மேல் நகர்கிறது. ஆனால் நம் பொருளுக்கு இதைவிட நெருங்கியது புறநானூற்றின் 102ஆம் பாடல். ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று எண்ணி, உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிச் சென்றனர் என்று அப்பாடல் சொல்கிறது. அதற்குச் சேம அச்சு என்று பெயர். மன்னனை அதற்கு ஒப்பிடுகிறார் ஔவை. உரையாசிரியர்கள் உவமையின் நயத்தைப் பேசுவார்கள். நமக்கோ அந்த அச்சின் கனம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. விற்றுக் காசாக்கக்கூடிய உப்பைக் குறைத்துக்கொண்டு, பயன்படுமோ படாதோ என்று தெரியாத ஒரு மரத்துண்டைச் சுமந்து சென்றார்கள் அவர்கள். வழி எப்படியிருக்கும் என்பது தங்கள் கையில் இல்லை என்று தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது.

அந்த வண்டியில் சக்கரம் உடலில் உரசும் தொல்லை பெரிதாக இருந்திருக்க வழியில்லை. காரணம் எளியது. வில் இல்லாத வண்டியில் அச்சும் உடலும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பாரம் ஏறினாலும் மாறாது. நம் காலம்வரை வைகைக் கரைச் சிற்றூர்களில் ஓடிய மரச்சக்கர மாட்டுவண்டியும் அப்படித்தான். வண்டிக்கட்டு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும்; ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த சக்கரம் பக்கத்தில் தனியே சுழலும். குடம் தேய்ந்து, கடையாணிக்கும் குடத்துக்கும் நடுவே ஆட்டம் கொடுக்கும்போது மட்டும் சக்கரம் சாய்ந்து பக்கத்துக் குச்சிகளில் தட்டும். வைக்கோல் பாரத்தை அகலமாக ஏற்றினால் சக்கரம் அதைத் தின்றுகொண்டே போகும். சாலையில் வைக்கோல் சிந்தியிருக்கும் ஒழுங்கைப் பார்த்தே வண்டியின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் பெரியவர்களை நாம் அறிவோம். சக்கரத்துக்கு இரும்புப்பட்டை போடும் நாள் ஊருக்கே வேடிக்கை. வட்டையின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து, எருமூட்டத்தில் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச்சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே நீரூற்றுவார்கள். சுருங்கும் இரும்பு ஆரக்கால்களையெல்லாம் குடத்தை நோக்கி இறுக்கும். ஆசாரியும் கொல்லரும் சேர்ந்து செய்யும் அந்த வேலையில் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் சக்கரம் கோணும்.

வில் வந்தபிறகுதான் கதை மாறுகிறது. ஐரோப்பியக் குதிரைவண்டிகளுக்கு எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாயின. அவை நம் ஊருக்கு வந்து மாட்டுவண்டியில் ஏறியபோது நாம் அதற்கு 'வில்வண்டி' என்று பெயரிட்டோம். கம்பிவலைச் சன்னல், மெத்தை, மணி, வளைந்த கூண்டு எல்லாம் இருந்தும் பெயரைப் பெற்றது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்த வில்தான். இன்றும் லாரிப் பட்டறையில் அந்தப் பட்டையைக் 'கமான்' என்கிறார்கள். கமான் என்றால் பாரசீகத்தில் வில். முன்னோர் தமிழில் சொன்னதையே பட்டறைக்காரர் பாரசீகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் அது தெரியாது.

வில்வண்டி யார் ஏறுவது என்பது இந்நாட்டில் சாதியின் கணக்காகவும் இருந்தது. திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். தடுத்தவர்களை எதிர்த்து நின்றார். எளிய கட்டைவண்டியில் போகாமல் வில்வண்டியில் போனார் என்பதில்தான் அந்தச் செயலின் கூர்மை இருக்கிறது. வண்டியின் உயரமும் தாழ்வும் அதன் மெத்தையும் வில்லும் எந்தக் காலத்திலும் வெறும் இயந்திரச் செய்தியாக இருந்ததில்லை. நம் மருமகன் தன் காரைத் தாழ்த்தியதையும் வெறும் விளையாட்டு என்று நாம் தள்ளிவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவனோடு பிறந்ததன்று.

வில் வந்ததும், அச்சும் உடலும் இரண்டு வேறு பொருள்களாகிவிட்டன. சக்கரம் மேட்டில் ஏறும்போது உடல் அப்படியே நிற்கும். ஆள் ஏறும்போது உடல் இறங்கும், சக்கரம் அப்படியே நிற்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் ஒன்றை விட்டுவைக்க வேண்டியதாயிற்று. வண்டி காலியாக நிற்கும்போது அந்த இடம் வீணாகக் கிடப்பதுபோலத் தோன்றும். இனி ஏறப்போகும் பாரத்துக்கும் இனி வரப்போகும் பள்ளத்துக்கும் உரிய இடம் அது. உமணரின் சேம அச்சு இரும்பும் ரப்பருமான காலத்தில் வெறும் இடைவெளியாக மாறி வண்டிக்குள் ஒளிந்துகொண்டது என்றே நாம் எண்ணுகிறோம்.

சேம அச்சு என்றதும் ஸ்டெப்னி நினைவுக்கு வரும். அந்தச் சொல்லின் ஊர் வேல்ஸ் நாட்டின் லனெல்லி. அங்கே ஸ்டெப்னி என்ற தெருவில் 1904இல் தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் செய்து விற்ற மாற்றுச் சக்கரம் அது. இங்கிலாந்தில் அந்தச் சொல் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. மதுரையில் ஆட்டோ ஓட்டுபவர் ஒவ்வொருவர் வாயிலும் அது வாழ்கிறது. மட்கார்டு என்பதும் அப்படியே. அதில் வரும் 'மட்' ஆங்கிலச் சேறுதான் என்றாலும், மட்பாண்டம், மட்கலம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு மண்ணைத் தடுக்கும் பொருள் என்று தமிழாகவே கேட்கிறது. இலக்கணம் ஏற்காது, மாணவர்கள் ரசித்திருக்கிறார்கள்.

மதுரையில் மோட்டார் வண்டியின் வரலாறு என்றால் டி.வி.சுந்தரம் ஐயங்காரைச் சொல்லாமல் முடியாது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர். 1911இல் அவர் தொடங்கிய நிறுவனம், 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டது. பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மாவட்டங்கள் முழுதும் பரவியது. டி.வி.எஸ். பேருந்து வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பது நம் பாட்டனார் தலைமுறையினர் எல்லோரும் சொன்ன கதை. அந்த ஒழுங்கைக் காப்பதற்கு அவர்கள் முதலில் சாலையோடு போராட வேண்டியிருந்தது. மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடக்கும். காற்றடைத்த டயருக்கு அவை எமன். காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்கள் என்பது அந்நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி. ஒரே சாலையில் இரண்டு நூற்றாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. இரும்புப்பட்டைச் சக்கரம் சரளைச் சாலையை அறுத்துத் தடம் பறித்தது. அந்தத் தடத்தில் விழுந்து எழுந்த பேருந்தின் கமான் பட்டைகள் தளர்ந்தன. பேருந்து ஆணியைக் குறைசொல்ல, வண்டிக்காரர் பேருந்து கிளப்பிய புழுதியைக் குறைசொல்ல, இருவருக்கும் நியாயம் இருந்தது.

இரண்டாம் உலகப்போர் இந்தச் சக்கரக் கணக்கை இன்னும் இறுக்கிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலேயாவின் ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பெட்ரோலுக்கும் பங்கீடு. அடுப்புக்கரியை எரித்து அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். நிறுவனத்தார் செய்து பேருந்துகளில் பொருத்தினார்கள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ஓட்டும் தொழிலும் அந்தக் காலத்தில்தான் மதுரையில் வேர்பிடித்தது. கரியுலையையும் கரிமூட்டைகளையும் ஆட்களையும் சுமந்த வண்டி, தளர்ந்த பட்டைகளின்மேல், ஒட்டுப்போட்ட டயர்களில் ஓடுவதைக் கற்பனை செய்துபார்த்தால் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவிலிருந்த அந்தச் சிறு இடம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பது தெரியும். ஒட்டிய ரப்பர் பெயர்ந்தால் அது மட்கார்டின் அடியைப் 'பட் பட்' என்று அடிக்கத் தொடங்கும். அந்த ஒலியைக் கேட்டதும் வண்டியை நிறுத்தாத ஓட்டுநர் அடுத்த ஊரைக் காண்பதில்லை. ஒட்டுப்போட்ட லாரி டயர்கள் இன்றும் ஓடுகின்றன. இன்றும் அந்த ஒலிக்கு அதே பொருள்தான்.

1972இல் பேருந்துகள் அரசுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. திருவிழா நாளில் படியில் தொங்கியபடி சாய்ந்து போகும் பேருந்தைக் கண்டவர்களுக்கு, பின்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு ஏன் அவ்வளவு பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. உள்ளே அந்த வளைவின்மேல் அமைந்த இருக்கையில் முழங்காலை முகவாய்வரை உயர்த்திக்கொண்டு பயணம் செய்தவர்கள் அதைத் திட்டியிருப்பார்கள். நாமும் திட்டியிருக்கிறோம். கல்லூரிக்குப் போய்வந்த மூன்று ஆண்டுகளும் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த இருக்கைதான்.

டயர்வண்டியை விட்டுவிட்டோம். கார் டயரையோ லாரி டயரையோ மாட்டிய மாட்டுவண்டி. சக்கரம் சிறுத்தது, வண்டித்தளம் சக்கரங்களுக்கு நடுவிலிருந்து அவற்றின் மேலே போயிற்று. சாலை அறுபடுவது நின்றது, மாட்டுக்கும் இழுவை குறைந்தது. மாட்டுவண்டியைச் செப்பம் செய்யவேண்டும் என்று பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என்.எஸ்.ராமசாமி பல்லாண்டு வாதாடினார். அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பட்டறைகள் பழைய அச்சையும் பழைய டயரையும் கொண்டு தம் வழியில் அதைச் செய்துவிட்டன. அந்த வண்டியில் வில் கிடையாது. ஆகவே தளத்துக்கும் டயருக்கும் நடுவே நாலு விரல் இடமே போதும். எத்தனை மூட்டை ஏற்றினாலும் அது குறையாது.

இனி, வேண்டுமென்றே தாழ்த்திய கார்களுக்கு வருவோம். இதன் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா. இரண்டாம் உலகப்போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள், பழைய கார்களை வாங்கி வில்லை வெட்டியும் பின்பெட்டியில் மணல்மூட்டை போட்டும் தாழ்த்தி, மெதுவாக, மிக மெதுவாகத் தெருவில் ஊர்வலம் போனார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் வேகத்துக்குக் கார்களைச் செப்பனிட்ட காலம் அது. இவர்கள் மெதுவாகப் போவதையே பெருமையாக்கினார்கள். அரசுக்குப் பொறுக்கவில்லை. சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாகக் காரின் எந்தப் பகுதியும் இருக்கக்கூடாது என்ற சட்டம் 1958இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்ற இளைஞர், விமானத்தின் உதிரிப்பாகங்களான நீரழுத்தக் கருவிகளைக் காரில் பொருத்தி, பொத்தானைத் தட்டினால் உயரவும் தாழவும் செய்துவிட்டார். போலீசைக் கண்டால் உயரும், போனதும் தாழும். அந்தச் சட்டத்தைக் கலிபோர்னியா நீக்கியது 2024 சனவரி முதல்நாள் தொடங்கித்தான். உரசலுக்கு அவர்கள் கண்ட தீர்வு நம் கவனத்துக்குரியது. தாழ்ந்த நிலை காட்சிக்கு, ஓடும்போது உயர்த்திக்கொள்வது. இடைவெளியை அவர்கள் அழித்துவிடவில்லை, வேண்டும்போது திரும்பப் பெறும்படி வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் வேறுவகை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 சனவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாக எடுத்துரைத்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். பிடிபடாதவரை எந்தச் சட்டமும் அந்த வயதில் சிரிப்புக்குரியதுதான்.

சட்டத்தைவிட மதுரைத் தெரு கண்டிப்பானது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைமதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உண்டான இடத்தில்தான் இன்றைய வெளிவீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இருக்கின்றன. அன்றிலிருந்து இந்நகரின் தெருக்கள் உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடுவது வழக்கமாகிவிட்டது. நாம் சிறுவயதில் மூன்று படி ஏறி நுழைந்த உறவினர் வீடு ஒன்றுக்குள் இன்று ஒரு படி இறங்கித்தான் போகவேண்டும். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதிது போடவேண்டும் என்று தலைமைச் செயலர் 2021இல் உத்தரவிட்டார். சாலையில் உள்ள பாதாளச் சாக்கடை மூடிகள் அந்த உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை. சில ஒரு சாண் பள்ளத்திலும் சில நான்கு விரல் மேட்டிலும் கிடக்கின்றன. வேகத்தடைக்கும் இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைக் குழுமத்தின் 1988ஆம் ஆண்டு விதிப்படி அது 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரத்தில், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்கதாக இருக்கவேண்டியிருந்தது. நம் ஊர்த் தெருமுனையில் இரவோடிரவாக முளைக்கும் தடையோ ஓரடி அகலத்தில் ஆமைமுதுகாய் நிற்கிறது. அதன்மேல் ஏறி விழும் சக்கரம் வில்லை முழுதுமாக அமுக்கிவிடும். தாழ்த்திய காரில் அமுங்குவதற்கு இடம் ஏது? அந்த இடத்தைத்தானே வெட்டி எறிந்துவிட்டோம்.

பட்டறைக்காரர் கணக்கை எளிமையாகச் சொன்னார். நாம் வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தோம். டயரின்மேல் 185/65 ஆர் 14 என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். உள்ளே 14 அங்குல வளையம். மொத்த விட்டம் 596 மில்லிமீட்டர். அதே வளையத்தில் 205/65 மாட்டினால் விட்டம் 622 ஆகிறது. மேலே 13 மில்லிமீட்டர் உயர்கிறது, பக்கத்துக்குப் 10 மில்லிமீட்டர் பிதுங்குகிறது. மருமகன் செய்தது இதுதான். ஒருபுறம் வில்லை வெட்டி உடலை இறக்கினான், மறுபுறம் டயரைப் பெருக்கிச் சக்கரத்தை ஏற்றினான். காலியாக ஓட்டியபோது உரசவில்லை. பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்ததும் உரசிற்று. தனியாக ஓட்டிப் பார்த்து மகிழ்ந்த வண்டியில் அவன் தன் தாயையும் பாட்டியையும் கணக்கில் சேர்க்கவில்லை.

வழிகள் பலவும் அவர் கைவசம் இருந்தன. மட்கார்டின் உள்மடிப்பை வெப்பக்காற்றால் சூடாக்கி, உருளையால் மெல்ல உள்நோக்கி மடித்துவிடலாம். அதனால் ஏழெட்டு மில்லிமீட்டர் கிடைக்கும். சூடாக்காமல் சுத்தியலால் தட்டினால் வண்ணம் வெடித்து, அடுத்த ஐப்பசி மழையில் துருப்பிடிக்கும். முன்சக்கரம் முழுதாகத் திரும்பும்போது உள்தட்டில் உரசினால் அந்தப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்தலாம். வில்லின் அசைவை நிறுத்தும் ரப்பர்க்கட்டையை உயரமாகப் போடலாம்; உரசாது, ஆனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வெட்டிய வில்லைக் கையில் எடுத்துக் காட்டினார். கியாஸ் தீயில் வெட்டியிருந்தார்கள். தீ பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும் என்றார். அதோடு, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான வில் தன் இருப்பிடத்தைவிட்டு நகர்ந்துவிடவும் கூடும். "மட்கார்ட மடக்கலாம் தம்பி. இத மடக்குனா சரியாவாது" என்று மருமகனைப் பார்த்துச் சொன்னார்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பழைய டயர் வீட்டு மாடியில் கிடக்கிறது என்றான். வில் புதிதாக வாங்கவேண்டும். அதற்கான பணத்தை யாரிடம் கேட்பது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நாமும் உடனே கையை நீட்டிவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது புது வில்லும் பழைய டயரும் மாட்டியாகியிருந்தன. மருமகனுக்காக அவர் ஓர் இரக்கம் காட்டியிருந்தார்; நிறுவனத்தின் அளவைவிட ஒரு பொட்டு தாழ்வான வில்லைத் தேடிப் போட்டிருந்தார். அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. சாவியைக் கொடுக்கவில்லை அவர். பட்டறைப் பையன்கள் இருவரைப் பின்னிருக்கையில் உட்காரச் சொன்னார். நம்மையும் முன்னால் ஏறச்சொன்னார். எதிரே கிடந்த பாட்டரி ஒன்றைத் தூக்கிப் பின்பெட்டியில் வைத்தார். மருமகன் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பினான். அவர் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இடதுபுறப் பின்சக்கரத்தில் மட்டும் கை நின்றது.

"ரெண்டு வெரல்தான் போவுது. எறங்குங்க சார், இன்னுங் கொஞ்ச நேரம் ஆவும்."